மண்ணில் கிடைத்ததும் மக்களுக்குக் கிடைத்ததும்

ஒரு நாட்டின் வரலாறு ஏட்டில் மட்டும் எழுதப்படுவதன்று, மண்ணிலும் எழுதப்பட்டிருக்கின்றது. ஏட்டைப் படிக்க எழுத்தறிவு வேண்டும். மண்ணைப் படிக்கப் புதைபொருள் ஆராய்ச்சி வேண்டும். இவ்வாராய்ச்சியின் பயனாக நூற்றாண்டுகளுக்கு முன் மறைந்துபோன ஊர்களும் துறைமுகங்களும் கோயில்களும் மீண்டும் வெளிச்சம் கண்டுள்ளன. எத்தனை குழிகள் தோண்டப்பட்டன, எத்துணை ஆழம் செல்லப்பட்டது, ஓடும் மணியும் காசும் எத்தனை கிடைத்தன என்னும் கணக்குகள் அறிக்கைகளில் ஒழுங்காக இடம்பெறுகின்றன. ஆயின், அந்த மண்ணின்மேல் வாழும் மக்களுக்கு அதனால் கிடைத்தது யாது என்னும் கணக்கை எழுதுவார் அரியர். அக்கணக்கைப் பற்றியதே இக்கட்டுரை.

சார்லஸ் மெக்கிம்சி என்னும் அமெரிக்க அறிஞர் 1972 ஆம் ஆண்டில் 'பொதுமக்கள் தொல்லியல்' என்று பொருள்படும் தலைப்பிலேயே ஒரு நூலை வெளியிட்டார். கடந்த காலம் எவருக்கும் தனியுடைமையன்று. அதனை அறியும் உரிமை அனைவர்க்கும் உண்டு. ஆதலின் அதனைக் காக்கும் பொறுப்பும் அனைவர்க்கும் உண்டு என்பது அந்நூலின் உட்கருத்து. அதன்பின் பல நாடுகளில் இத்துறை வளர்ந்தது. சில இடங்களில் அறிஞர் தோண்டினர். மக்கள் வந்து கண்டனர். சில இடங்களில் மக்களே அறிஞருடன் கூடித் தோண்டினர். இரண்டிற்கும் பொதுப்பணம் செலவாயிற்று. செலவிட்டபின், "முயற்சி பெருவெற்றி பெற்றது, பார்வையாளர் பல்லாயிரவர்" என்று அறிக்கை எழுதுவதும் வழக்கமாயிற்று.

பார்வையாளர் தொகை ஒன்றே வெற்றிக்குச் சான்றாகுமா என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அளவுகோல் எது?

ஆசிரியப் பயிற்சி பெற்றார் அனைவரும் அறிந்த விதி ஒன்று உண்டு. தேர்வு என்பது பாடத்தின் குறிக்கோளிலிருந்து பிறத்தல் வேண்டும். கட்டுரை எழுதக் கற்பித்துவிட்டுச் சொல்லுக்குப் பொருள் மட்டும் கேட்பது தேர்வாகாது. ரால்ப் டைலர் என்னும் கல்வியறிஞர் 1949 இல் எழுதிய சிறு நூல் இதனையே வலியுறுத்துகின்றது. மாணவனிடம் எம்மாற்றத்தை விரும்பினோம் என்பதை முதலில் தெளிவாகச் சொல்லுதல் வேண்டும். பின்னரே அம்மாற்றம் நிகழ்ந்ததா என்று பார்த்தல் இயலும். வகுப்பில் எத்தனை பேர் அமர்ந்திருந்தனர் என்பது வருகைப் பதிவேட்டுக்குரிய செய்தியேயன்றித் தேர்ச்சிக்குரிய செய்தியன்று.

இவ்விதியைத் தொல்லியலுக்கும் பொருத்தலாம். மக்களுக்காகவும் மக்களோடும் செய்யும் அகழாய்வு நான்கு பயன்களைத் தருதல் வேண்டும். முதலாவது அறிவு, அறிஞர் தனித்து நின்று பெற முடியாத புதிய செய்தி மக்கள் துணையால் கிடைத்ததா? இரண்டாவது கல்வி; அகழ்ந்து கண்டது பள்ளிப்பிள்ளைக்கும் பாமரர்க்கும் விளங்கும் மொழியில் சென்றடைந்ததா? மூன்றாவது காவல், ஆய்வாளர் கூடாரம் கலைத்துச் சென்றபின் அவ்விடத்தைக் காக்க ஆள் இருந்ததா? நான்காவது உறவு, அவ்விடத்தைச் சுற்றி வாழும் பல இனத்தாரும் அதனை 'நம்முடையது' என்று கூறும் நிலை உண்டாயிற்றா? இந்நான்கனுள் மூன்றாவதே உரைகல் என்பது என் கருத்து. அதன் காரணத்தைக் கடாரத்து மண்ணே சொல்லும்.

கடாரத்தில் கண்டவை

கெடா மாநிலத்தில் ஜெராய் மலைக்குத் தெற்கே, மெர்போக், மூடா ஆறுகளையொட்டிப் பரந்து கிடக்கும் நிலப்பகுதியே பூஜாங் பள்ளத்தாக்கு. கடலில் வருவார்க்குத் தொலைவிலேயே தோன்றும் மலை, மரக்கலம் ஒதுங்குதற்குரிய ஆற்றுமுகம், ஓராண்டில் இருமுறை திசைமாறும் பருவக்காற்று ஆகிய மூன்றும் கூடியதால் பண்டைய வாணிகர்க்கு இது தங்குதுறையாயிற்று. பட்டினப்பாலை குறிக்கும் காழகம் என்பதற்கு உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கடாரம் என்று பொருள் கூறியதைத் தமிழாசிரியர் அறிவர். முதலாம் இராசேந்திர சோழன் 1025 ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மேல் கடற்படை செலுத்திய செய்தி தஞ்சைப் பெருங்கோயில் கல்வெட்டில் உள்ளது.

இப்பகுதியின் புதைபொருட்களை முதலில் உலகிற்கு அறிவித்தவர் கிழக்கிந்தியக் கும்பெனியின் படைத்தலைவராய் இருந்த ஜேம்ஸ் லோ. அவர் 1834 இல் செபராங் பிறையில் கண்டெடுத்த கல்வெட்டு, புத்தகுப்தன் என்னும் மாநாவிகன், அதாவது பெருங்கப்பல் தலைவன், பெயரைத் தாங்கியது. 5 ஆம் நூற்றாண்டினது என்று கருதப்படுவது. அக்கல் இன்று கொல்கத்தா இந்திய அரும்பொருட்காட்சியகத்தில் உள்ளது. நம் மாணவன் ஒருவன் தன் நாட்டின் பழங்கல்வெட்டு ஒன்றை நேரில் காணக் கடல் கடத்தல் வேண்டும். பயன்களைக் கணக்கிடுவோர் இதனையும் ஏட்டில் குறித்துக்கொள்ளல் தகும்.

1920களில் ஐவர் இவான்ஸ் இப்பகுதியை ஆராய்ந்தார். 1936, 1937 ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்ஸ் என்பாரும் அவர்தம் மனைவியார் டோரதியும் காட்டையும் வயலையும் தோட்டங்களையும் துருவி ஏறத்தாழ 30 இடங்களைக் கண்டு, எண்ணிட்டு, அகழ்ந்து, 1940 இல் அறிக்கை வெளியிட்டனர். செங்கல்லாலும் கருங்கல்லாலும் ஆன கட்டட அடித்தளங்களை மலாய் மொழியில் சண்டி என்பர். அவற்றுட் பல சைவத் தொடர்பும் சில பௌத்தத் தொடர்பும் உடையன.

1959, 1960 ஆம் ஆண்டுகளில் அலஸ்டர் லாம்ப் என்னும் அறிஞர் புக்கிட் பத்து பகாட் சண்டியை முழுமையாக அகழ்ந்து, சிதறிக் கிடந்த கற்களை உரிய இடத்தில் சேர்த்துக் கட்டினார். அதன் அடியில் பொன்னும் வெள்ளியும் மணிகளும் இட்ட கற்பேழைகள் கிடைத்தன. அச்சண்டியின் அருகிலேயே 1980 இல் அரும்பொருட்காட்சியகம் திறக்கப்பட்டது. பெண்டாங் டாலாம், பெங்காலான் பூஜாங், பெண்டியாட் முதலிய இடங்களின் சண்டிகளும் பெயர்த்துக் கொணரப்பட்டு அவ்வளாகத்தில் மீண்டும் கட்டப்பட்டன.

இந்நூற்றாண்டில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் சுங்கை பத்துவில் செம்பனைத் தோட்டத்தின் நடுவே தொண்ணூறுக்கும் மேற்பட்ட தொல்லிடங்களை அறிந்தனர். 2009 முதல் நிகழ்ந்த அகழாய்வில் இரும்புருக்கும் உலைகள், உலைக்குக் காற்றூதும் களிமண் குழாய்கள், கசடுக் குவியல்கள், படகுத்துறை மேடைகள், வட்ட அடித்தளமுடைய வழிபாட்டு மேடை ஒன்று ஆகியவை வெளிப்பட்டன. அம்மேடையின் காலம் கி.பி. 110 என்று அறிவிக்கப்பட்டது. பிற இடங்களுக்கு அதனினும் முற்பட்ட காலமும் கூறப்பட்டது. அதில் அறிஞர்க்குள் முழு உடன்பாடு இல்லை. 2023 முதல், ஜெராய் மலைக்கு வடக்கே உள்ள புக்கிட் சோராஸில் சுதையாலான புத்தர் உருவங்கள் கிடைத்தன. அவ்விடத்தைப் பற்றியும் ஜேம்ஸ் லோ முன்னரே எழுதியிருந்தார்.

லோ தொடங்கி இன்றுவரை ஏறத்தாழ 190 ஆண்டுகள் ஆகின்றன. அறிவு என்னும் முதல் அளவுகோலால் பார்ப்பின் கடாரத்து அகழாய்வு பெரும்பயன் தந்தது என்பதில் ஐயமில்லை.

2013 சொல்லும் பாடம்

இனி மூன்றாவது அளவுகோலுக்கு வருவோம். 2013 ஆம் ஆண்டின் இறுதியில், சுங்கை பத்துத் தோட்டத்தில் இருந்த 11 ஆம் எண் சண்டி இடிக்கப்பட்டுவிட்டது என்னும் செய்தி நாடெங்கும் பரவியது. அது 1,000 ஆண்டுகட்கு மேற்பட்ட பழமையுடையது என்று மதிப்பிடப்பட்டிருந்தது. அறிஞர் கண்டு எண்ணிட்டு ஏட்டில் ஏற்றியது. வீடமைப்பு வேலைக்காக நிலம் சமன்செய்யப்பட்டபொழுது மண்வாரி இயந்திரம் அதனையும் வாரிச் சென்றது. தனியார் நிலம், அரசிதழில் பதிவு பெறாத இடம் என்பது அதற்குக் கூறப்பட்ட விளக்கம்.

இந்நிகழ்ச்சியை உணர்ச்சியோடு பார்த்தோர் பலர். அதனை ஒரு மதிப்பீட்டுத் தாளாகவும் பார்த்தல் வேண்டும். அவ்விடம் அறியப்படாமல் இருந்ததா? இல்லை, முக்கால் நூற்றாண்டாக அறியப்பட்டிருந்தது. சட்டம் இல்லையா? இருந்தது; தேசிய மரபுடைமைச் சட்டம் 2005 இலேயே இயற்றப்பட்டது. பக்கத்தில் அரும்பொருட்காட்சியகம் இல்லையா? இருந்தது, 33 ஆண்டுகளாக இருந்தது. பல்கலைக்கழகம் அருகில் இல்லையா? அதே சுங்கை பத்து வட்டாரத்தில் அகழாய்வு நடந்துகொண்டேயிருந்தது. அறிவும் சட்டமும் காட்சியகமும் ஆய்வும் நான்கு பக்கமும் சூழ்ந்திருக்க, நடுவில் இருந்த சண்டி அழிந்தது. இல்லாதது ஒன்றே: இயந்திரம் வரும் நாளில் "நிறுத்து" என்று குறுக்கே நிற்கும் அண்டை வீட்டார்.

அவர் ஏன் இல்லை? அவ்விடம் தோட்டத்திற்குள் இருந்தது. தோட்டத்தில் இருந்தவர் பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் பிழைத்தவர். காலில் தட்டுப்படும் கல் யாது என்று அவர்க்குச் சொல்லியவர் எத்தனை பேர்? அறிக்கை ஆங்கிலத்தில், அறிஞர் இதழில் இருந்தது. அது லயத்திற்கு வரவில்லை. தோட்டப் பள்ளிக்கும் வரவில்லை. கூலிக்கு மண் சுமந்தவன் வேலை முடிந்ததும் தன் வழியே சென்றான். அவன் தோண்டிய இடத்திற்கும் அவனுக்கும் இடையே உறவு உண்டாக்க யாரும் முயலவில்லை. பின்னர்த் தோட்டங்கள் கைமாறின. மக்கள் நகர்ப்புறத்துக்குப் பெயர்ந்தனர். இடத்தை அறிந்த கண்களும் அவர்களோடு பெயர்ந்தன.

சண்டிகளைப் பெயர்த்துக் காட்சியக வளாகத்தில் கட்டியதையும் இவ்விடத்தில் மதிப்பிடல் தகும். கற்கள் காக்கப்பட்டன, அது நன்மை. ஆயினும் ஊரின் நடுவே இருந்த கல் ஊரைவிட்டுச் சென்றபின், அதனைக் காக்கும் பொறுப்பும் ஊரைவிட்டுச் சென்றது. தம் வயலில் இருந்ததைக் காணக் கிராமத்தார் பயணம் செய்யவேண்டியதாயிற்று. காவலையும் உறவையும் ஒருங்கே பெறல் எளிதன்று. ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்க நேரின், இழப்பையும் கணக்கில் எழுதுதல் நேர்மை.

ஒருவர் மறுத்துக் கேட்கலாம்: "இடத்தைக் காப்பது சட்டமும் பணமும் அல்லவா? ஏழைத் தொழிலாளி கூச்சலிட்டால் இயந்திரம் நிற்குமா?" என்று. கேள்வி நியாயமானதே. ஆனால் சட்டம் தானே நடந்து வருவதில்லை. யாரேனும் சென்று அழைத்தல் வேண்டும். இடத்தை அரசிதழில் ஏற்றுக என்று எவரேனும் மனுக் கொடுத்து, விடாது கேட்டிருத்தல் வேண்டும். 2013 இல் அழிவுச் செய்தியை நாட்டுக்கு உரைத்ததும் ஆய்வாளர் டத்தோ வீ. நடராஜனைப் போன்ற ஆர்வலர்களே. அவர் 2011 இலேயே பூஜாங் பள்ளத்தாக்கைப் பற்றி விரிவான நூல் எழுதியவர். அச்செய்தியும் வந்திராவிடின் வீடுகள் எழும்பிய பின்னரே நாம் அறிந்திருப்போம். அல்லது அறியாமலே இருந்திருப்போம். ஒருவரும் அறியாமல் அழிவதினும் நாடறிய அழிவது மேல். நாடறியக் காக்கப்படுவது அதனினும் மேல்.

நெகிரி செம்பிலானின் நிற்கும் கற்கள்

இதற்கு நேர்மாறான சான்று எங்கள் நெகிரி செம்பிலானிலேயே உள்ளது. லிங்கி ஆற்றையொட்டிய பெங்காலான் கெம்பாஸில் வாள், கரண்டி, சுக்கான் என்று மக்களால் பெயரிடப்பட்ட நெடுங்கற்கள் நிற்கின்றன. அருகே அகமது மஜ்னூன் என்பாருடைய கல்லறையும், ஜாவி எழுத்தும் பழஞ் சாவக எழுத்தும் பொறித்த கல்லும் உள்ளன. அதன் காலம் 15 ஆம் நூற்றாண்டு. துளையுடைய கல் ஒன்றும் உண்டு. பொய் சொல்பவன் அதனுள் கைவிட்டால் கல் இறுகிப் பிடிக்கும் என்பது மக்கள் நம்பிக்கை. ஐவர் இவான்ஸ் இங்கும் வந்து ஆராய்ந்தார்.

அறிஞர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இக்கற்களைக் காத்தவர் யார்? சுற்றுவட்டாரத்து மக்களே. 'கிராமாட்' என்னும் புனித இடமாக அவர்கள் அதனை மதித்தனர். கல் வளர்கின்றது என்று நம்பி, இத்தகைய கற்களை 'உயிர்க்கல்' என்று பொருள்பட அழைத்தனர். நம்பிக்கை வரலாறாகாது, கல் வளர்வதில்லை என்பதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். எனினும் அறிக்கையுடைய சண்டி அழிய, அறிக்கையில்லாக் காலத்திலும் இக்கற்கள் நின்றன என்பது சிந்தனைக்குரியது. மக்கள் மனத்தில் இடம்பெற்ற கல் நிற்கும். ஏட்டில் மட்டும் இடம்பெற்ற கல் நில்லாது.

மந்தினிலும் அண்மைக் கால எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஈயச் சுரங்கக் காலத்தில் தோன்றி நூறாண்டைக் கடந்த ஹக்கா சீனர் கிராமம் மேம்பாட்டுத் திட்டத்திற்கு இரையாகும் நிலை 2013 ஆம் ஆண்டையொட்டி ஏற்பட்டது. வீடுகள் சில இடிந்தன. ஆயின் குடியிருந்தோர் வழக்காடினர்; கலைஞரும் தன்னார்வலரும் வந்து வீடுகளை வரைந்தும் படமெடுத்தும் கதைகளைக் கேட்டெழுதியும் பதிவு செய்தனர். முழுவதும் காக்க முடிந்ததா என்பது வேறு. அங்கே குறுக்கே நிற்க ஆள் இருந்தது. அஃது ஒரு பயன்.

கீழடியில் கூட்டமும் கருத்தும்

தமிழகத்தில் மக்களின் நெஞ்சைத் தொட்ட அகழாய்வு கீழடியே. சிவகங்கை மாவட்டத்தில், மதுரைக்கு அண்மையில், வைகைக் கரைத் தென்னந்தோப்புகளில் இந்தியத் தொல்லியல் துறையினர் அமர்நாத் இராமகிருஷ்ணன் தலைமையில் 2015 இல் அகழத் தொடங்கினர். செங்கற் கட்டடங்களும் உறைகிணறுகளும் எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்தன. ஆய்வைத் தொடர வேண்டும், பொருட்கள் தமிழகத்திலேயே இருத்தல் வேண்டும் என்று மக்கள் குரல் எழுப்பினர். வழக்கு மதுரை உயர்நீதிமன்றக் கிளை வரை சென்றது. 2018 முதல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை பணியை ஏற்றது. 2019 செப்டம்பரில் வெளிவந்த அறிக்கை தமிழிலும் ஆங்கிலத்திலும் அமைந்து எளிய விலைக்குக் கிடைத்தது. 2023 மார்ச்சில் அரும்பொருட்காட்சியகம் திறக்கப்பட்டது.

நான்கு அளவுகோலாலும் இதனை அளந்து பார்ப்போம். காவல் என்பதில் கீழடி மேலோங்கி நிற்கின்றது. மக்களின் குரலால் ஆய்வு நிற்காமல் தொடர்ந்தது. ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை, கொடுமணல் முதலிய இடங்களுக்கும் கவனமும் பணமும் சென்றன. நிலம் தந்த உழவரும், ஊர்ப் பிள்ளைகளும் அகழாய்வைத் தம்முடையதாகக் கருதினர். கல்வி என்பதிலும் பயன் மிகுதி. பானையோட்டில் இருந்த தமிழி எழுத்தைப் படிக்க முயலும் மாணவர் கூட்டம் ஒன்று தமிழகத்தில் உருவாகியுள்ளது. பள்ளிகளில் தொன்மைப் பாதுகாப்பு மன்றங்கள் இயங்குகின்றன.

ஆனால் குறையும் உண்டு. 353 செண்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 580 என்று ஆய்வகம் கணித்தது. அது நல்ல சான்று. ஆயினும் ஒரு மாதிரியின் காலம், ஒரு குழியின் ஓர் அடுக்கின் காலம். அது எவ்வாறு கணிக்கப்பட்டது, எவ்வளவு ஏற்றத்தாழ்வுக்கு இடமுண்டு என்பதைக் கேட்போர் சிலராகவும், அவ்வெண்ணை முழக்கமாக்குவோர் பலராகவும் ஆயினர். கால வரையறை அறிஞர் அவையைவிட்டு அரசியல் மேடைக்குச் சென்றது. அமர்நாத் இராமகிருஷ்ணன் 2023 இல் அளித்த அறிக்கையைத் திருத்தித் தருமாறு 2025 இல் தொல்லியல் துறை திருப்பியனுப்பியதும், அவர் தம் முடிவில் உறுதியாய் நின்றதும் பெருஞ்சர்ச்சையாயின. மக்கள் ஆர்வம் ஆய்வைக் காத்தது உண்மை. அதே ஆர்வம், ஆய்வு சொல்லும் விடையை முன்கூட்டியே தீர்மானிக்கத் தொடங்குமாயின் அது காவலாகாது. ஆதலின் பெருமிதம் எத்துணை வளர்ந்தது என்பதோடு, சான்றைச் சீர்தூக்கும் ஆற்றல் எத்துணை வளர்ந்தது என்பதையும் அளத்தல் வேண்டும்.

மாணவர் தோண்டிய சிறு குழிகள்

மக்கள் பங்கேற்பால் உண்மையிலேயே புதிய அறிவு பிறக்குமா என்று ஐயுறுவார்க்கு இங்கிலாந்திலிருந்து ஒரு சான்று காட்டலாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருந்த கரென்சா லூயிஸ் என்னும் அறிஞர் 2005 முதல் பள்ளி மாணவரை ஊர்களுக்கு அழைத்துச் சென்று, வீட்டுத் தோட்டங்களில் ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள சிறு குழிகளை முறைப்படி தோண்டச் செய்தார். ஊர்மக்களும் சேர்ந்துகொண்டனர். ஒவ்வோர் அடுக்கிலும் கிடைத்த பானையோடுகள் எண்ணப்பட்டுக் காலவாரியாகப் பிரிக்கப்பட்டன. தனிக்குழி ஒன்று பெரிதாக எதுவும் சொல்லாது. ஆயின் கிழக்கிங்கிலாந்தின் 55 ஊர்களில் 2,000க்கும் மேற்பட்ட குழிகளின் கணக்கை ஒன்றாக்கிப் பார்த்தபொழுது, 14 ஆம் நூற்றாண்டின் கொள்ளைநோய்க்குப் பின்னர்ப் பானையோடுகளின் தொகை ஏறத்தாழ 45 விழுக்காடு குறைந்தது தெரிந்தது. அதாவது, ஊர்கள் எத்துணை வெறுமையாயின என்பதற்கு மண்ணிலிருந்தே சான்று கிடைத்தது. 2016 இல் இம்முடிவு அறிஞர் இதழில் வெளியாயிற்று.

இம்முயற்சியின் சிறப்பு யாதெனில், அதன் நோக்கம் தொடக்கத்திலேயே வரையறுக்கப்பட்டிருந்தது. மாணவர் உயர்கல்வியை நாடுதல் ஒரு நோக்கம். ஊர்களின் வளர்ச்சியையும் தேய்வையும் அறிதல் மற்றொரு நோக்கம். ஒழுங்கு ஒன்றே எங்கும் கடைப்பிடிக்கப்பட்டதால் பிள்ளைகள் தோண்டிய குழியும் அறிஞரின் சான்றாயிற்று. நோக்கமும் ஒழுங்கும் இருந்தால் மதிப்பீடு எளிது. அவை இல்லாவிடில் எஞ்சுவன படங்களும் பாராட்டுரையுமே.

யாருடைய பழமை?

நான்காவது அளவுகோலாகிய உறவு பற்றித் தமிழர் நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். கடாரம் என்றவுடன் நம்மவர் பலர்க்கு இராசேந்திரன் படையெடுப்பே நினைவுக்கு வருகின்றது. அஃது ஓர் இயல். அதற்குமுன் மற்றோர் இயல் உண்டு. கடாரத்து மன்னன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எடுப்பித்தான். அதற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். இதனை ஆனைமங்கலச் செப்பேடு உரைக்கின்றது. அவற்றிற்கும் பல நூற்றாண்டு முன்பு சுங்கை பத்துவில் உலையூதி இரும்பு உருக்கிய கைகள் உண்டு. அவர்கள் இம்மண்ணின் மக்களாகவே இருத்தல் கூடும். குவாரிட்ச் வேல்ஸ் இந்தியக் குடியேற்றம் என்று விளக்கியதைப் பின்வந்த அறிஞர் பலர் ஏற்கவில்லை. உள்ளூர் மக்களின் திறனும் வெளிநாட்டுத் தொடர்பும் கலந்து வளர்ந்த நாகரிகம் என்பதே அவர்கள் கருத்து.

ஆதலின் பூஜாங் தமிழர்க்கு மட்டும் உரியது என்போமாயின், அண்டையில் வாழும் மலாய்க்காரர் விலகி நிற்பர். அது நம்முடையதன்று, அயலாருடையது என்று அவர்கள் கருதுவாராயின் நாம் மனம் நோவோம். இருவகை எண்ணமும் சண்டிக்குக் கேடே. எல்லாரும் உரிமை கொண்டாடும் இடமே எல்லாராலும் காக்கப்படும். 2013 இல் இடிந்தது ஒரு மதத்தாரின் கட்டடம் என்று பார்ப்பதினும், ஒரு நாட்டின் ஏட்டில் ஒரு பக்கம் கிழிந்தது என்று பார்ப்பதே முறை.

தமிழ்ப்பள்ளியின் பங்கு

இவற்றையெல்லாம் தமிழாசிரியர்க்குச் சொல்வானேன் என்று கேட்கலாம். காரணம் உண்டு. இந்நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலான தோட்டங்களில் பிறந்தவை. கடாரத்துச் சண்டிகளைச் சூழ்ந்திருந்ததும் தோட்டங்களே. தோட்டம் என்பது நமக்கு வேலைத்தலம் மட்டுமன்று. அதுவே ஒரு தொல்லிடமாகி வருகின்றது. ரப்பர் செம்பனையாயிற்று, செம்பனை வீடமைப்புப் பகுதியாகின்றது. லயங்கள், கோயில்கள், சுடுகாடுகள், பழைய ரப்பர் ஆலைகள், கள்ளுக்கடைகள் ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக மறைகின்றன. நம் பாட்டனார் இங்கு வாழ்ந்தார் என்பதற்குச் சான்று கேட்கப்படும் நாளில், காட்டுவதற்கு ஒரு நடுகல்லும் ஒரு பதிவேடும் இல்லாவிடில் நாம் எதைக் காட்டுவோம்?

முதலில் ஓர் எச்சரிக்கை. எந்த ஆசிரியரும் மாணவரைக் கொண்டு மண்ணைத் தோண்டுதல் கூடாது. அனுமதியின்றி அகழ்தல் சட்டத்திற்கு மாறு. முறையறியாது அகழ்தல் சான்றை அழித்தலாகும். தோண்டாமல் செய்யக்கூடிய பணி நிரம்ப உள்ளது. தோட்டத்தின் பழைய வரைபடத்தை மாணவர் வரையலாம். லயம் எங்கே, கிணறு எங்கே, பால் நிறுக்கும் கொட்டகை எங்கே என்று முதியோரைக் கேட்டுக் குறிக்கலாம். கோயிலின் அடிக்கல் எழுத்தையும் கல்லறைகளின் எழுத்தையும் தேதியுடன் படியெடுக்கலாம். பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் பூச்சியிடமிருந்து காக்கலாம். கல் ஒன்றோ பழம்பொருள் ஒன்றோ தென்பட்டால் எடுக்காது, இடத்தைக் குறித்துக்கொண்டு, மரபுடைமைத் துறைக்கு எழுத்துமூலம் அறிவிக்கக் கற்பிக்கலாம்.

செய்தபின் அதனை அளத்தலும் வேண்டும். ஒரு பள்ளி மாணவர் நாற்பதுபேரை மெர்போக் காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றது என்றால், நாற்பது என்னும் எண்ணோடு அறிக்கையை முடித்தல் கூடாது. செல்லுமுன் இரண்டு கேள்வி கேட்க: "இங்கு வாழ்ந்தவர் யார்? எதனால் அறிகிறாய்?" திரும்பியபின் அவையே கேட்க. ஓராண்டு கழித்து மீண்டும் கேட்க. முதற் கேள்விக்கு விடை மாறினால் செய்தி கற்றான். இரண்டாவதற்கு விடை மாறினால் வரலாறு கற்றான். மேலும் ஒன்று: அப்பிள்ளையின் வீட்டாருள் எவரேனும் பின்னர்த் தாமே அவ்விடம் சென்றனரா என்று கேட்க. கல்வி பள்ளியிலிருந்து வீட்டுக்குச் சென்றதா என்பது அதனால் விளங்கும்.

இத்தகைய மதிப்பீட்டுக்குப் பெரும்பணம் வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும். பொறுமைதான் அரிது. திட்டங்களுக்கு ஓராண்டு ஈராண்டு எல்லை உண்டு. காவலுக்கோ தலைமுறை எல்லை. திறப்புவிழா நாளில் எடுத்த மதிப்பெண் அன்றைய மதிப்பெண்ணே. பத்தாண்டு கழித்து அவ்விடத்துக்குச் சென்று, கல் நிற்கின்றதா, அதன் பெயர் அண்டைவீட்டுப் பிள்ளைக்குத் தெரியுமா என்று கேட்டுப் பெறுவதே உண்மை மதிப்பெண்.

11 ஆம் எண் சண்டி இனித் திரும்பி வாராது. ஆயினும் பூஜாங் பள்ளத்தாக்கில் மண்ணுக்குள் கிடப்பவை இன்னும் பல. நம் தோட்டங்களில் மண்ணின்மேலேயே கிடப்பவை அவற்றினும் பல. அவற்றை அறிஞர் ஒருவர் வந்து கண்டுபிடிப்பார் என்று காத்திராமல், அங்கே வாழ்வோர் அறியுமாறு செய்வது ஆசிரியர் கடன். இயந்திரம் வரும் நாள் எதுவென்று நமக்குத் தெரியாது. அன்று குறுக்கே நிற்பவர் இன்று நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளையாக இருத்தல் கூடும்.